மிருக வைத்தியம் படித்தவர் நாகப்பட்டினத்துக்குக் கலெக்டராக வந்தபோது

பிள்ளையாரடி மருத்துவ பீடத்தில் படிக்கிற ஒரு பிள்ளை கேட்டிருந்தார்: "இந்தியாவில் டொக்டருக்குப் படித்துவிட்டு ஐ.ஏ.எஸ். ஆகிறார்களே, தமிழ்நாட்டில் ராதாகிருஷ்ணன் என்று ஒருவரைப் பற்றி அடிக்கடி வாசிக்கிறேன், அவர் அப்படி என்ன செய்தார்? நானும் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு இங்கே நிர்வாக சேவைக்கு வரலாமா? வந்தால் படித்த படிப்பு வீண்தானே என்று வீட்டில் சொல்கிறார்கள்."

கேள்வி சின்னது மகள், பதில் நீளம். நான் மட்டக்களப்புக் கரையோரத்தில் பிரதேச செயலகங்களில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். சுனாமி வந்த நேரம் கதிரையில் இருந்தவன். அதனால் ராதாகிருஷ்ணனைப் பற்றிப் பேசினால் எங்கள் கரையைப் பற்றிப் பேசாமல் இருக்க எனக்கு ஏலாது.

முதலில் ஒரு திருத்தம். அவர் மனிதருக்கு வைத்தியம் பார்க்கிற டொக்டர் இல்லை. ஜெ. ராதாகிருஷ்ணன் படித்தது கால்நடை மருத்துவம், அதிலும் மேற்படிப்பு விலங்கு மரபியல். அதாவது எங்கள் ஊரில் பட்டிக்காரர் மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் கூப்பிடுகிற மிருக வைத்தியர். 1992ஆம் ஆண்டுத் தொகுதி ஐ.ஏ.எஸ். அதிகாரி, தமிழ்நாட்டுப் பிரிவு. பெயருக்கு முன்னால் டொக்டர் என்று இருப்பதால் பலர் எம்.பி.பி.எஸ். என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அவர் செய்த நல்ல காரியங்கள் ஊசி போடத் தெரிந்ததால் வந்தவை இல்லை. ஒரு மந்தையை மொத்தமாகப் பார்க்கப் பழகிய கண் என்று ஒன்று இருக்கிறது. தனி மாட்டுக்கு மருந்து கொடுப்பதோடு நில்லாமல், எந்தத் தண்ணீரைக் குடித்தது, பக்கத்துப் பட்டியில் என்ன நிலைமை, தடுப்பூசி எத்தனைக்குப் போட்டாயிற்று என்று கேட்கிற கண். மிருக வைத்தியருக்கும் பொதுச் சுகாதாரம் பார்க்கிற டொக்டருக்கும் அந்தக் கண் ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடம் தீப்பிடித்து 94 பிள்ளைகள் இறந்தார்கள். கும்பகோணம் இருப்பது தஞ்சாவூர் மாவட்டம், கலெக்டர் ராதாகிருஷ்ணன். அது நடந்து அரை வருஷம் ஆகவில்லை, டிசம்பர் 26. தஞ்சாவூருக்குப் பக்கத்து மாவட்டம் நாகப்பட்டினம். தமிழ்நாட்டில் சுனாமியில் இறந்தவர்களில் பெரும்பங்கு அந்த ஒரு மாவட்டம்தான், 6,000க்கு மேல். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், நம்பியார் நகர், வேளாங்கண்ணி. சில நாட்களுக்குள் அவரை அங்கே கலெக்டராக மாற்றினார்கள்.

அதே காலையில் இங்கே என்ன நடந்தது என்று உங்கள் வயதுப் பிள்ளைகளுக்குக் கேட்டுத்தான் தெரியும். மட்டக்களப்புக் கரையில் நாவலடியும் திருச்செந்தூரும் புதுமுகத்துவாரமும் கொஞ்ச நேரத்துக்குள் போனது. அம்பாறைக் கரையில் கல்முனை, மருதமுனை, பாண்டிருப்பு, சாய்ந்தமருது, காரைதீவு என்று வரிசையாக. இலங்கையிலேயே கூடிய உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில்தான், 10,000க்கு மேல். ஒரே கடல், ஒரே அலை, பேசுகிறதும் ஒரே தமிழ். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு கரையிலும் வேலை நடந்த விதம் வேறு, அதைத்தான் நான் வருஷக்கணக்காக யோசித்துக்கொண்டு இருக்கிறேன்.

நாகப்பட்டினத்தில் என்ன செய்தார்கள்? உடல்களை எடுத்துப் புதைப்பது, சுண்ணாம்பும் குளோரினும் போடுவது, முகாம்களில் தண்ணீர், பிள்ளைகளுக்குச் சின்னமுத்து (தட்டம்மை) தடுப்பூசி, இதெல்லாம் முதல் நாட்களில். பெருந்தொற்று எதுவும் அங்கே பரவவில்லை. இங்கேயும் பரவவில்லை, அதற்கு எங்கள் பீ.எச்.ஐ.மாரையும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்) குடும்பநல உத்தியோகத்தர்களையும்தான் (ஊர்த் தாய்மாரைப் பார்க்கிற மருத்துவிச்சிமார்) கும்பிட வேண்டும். (உடல்கள் கிடப்பதால் கொள்ளைநோய் வரும் என்று அப்போது எல்லாரும் பயந்தோம். உண்மையில் நோய் வருவது அழுக்குத் தண்ணீரிலும் நெருக்கடியான முகாமிலும்தான், இறந்தவர்களால் இல்லை. உங்களுக்கு இதைப் படிப்பித்திருப்பார்கள்.) அப்புறம் உதவி நிறுவனங்கள். எங்கள் கரைக்கு வந்த மாதிரியே அங்கேயும் நூற்றுக்கணக்கில் வந்து இறங்கின. அங்கே 2005 ஜனவரியின் முதல் நாட்களிலேயே நிறுவனங்கள் சேர்ந்து ஒரு ஒருங்கிணைப்பு மையத்தைத் தொடங்கிவிட்டார்கள், கலெக்டர் நிர்வாகம் அதோடு கைகோர்த்து நின்றது. யார் எந்தக் கிராமம், எங்கே போட் கூடிப்போனது, எங்கே கக்கூஸ் இல்லை என்பதை ஒரே இடத்தில் பார்க்க முடிந்தது. வீடு கட்டுவதற்கு அரசாங்கம் காணி கொடுக்க, நிறுவனம் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு அரசு சொன்ன தரத்தில் கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். 2005 மே மாதம் ஐ.நா. தூதராக பில் கிளின்டன் அங்கே வந்து பார்த்தார்.

எல்லாம் சரியாக நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. மீனவரல்லாத கூலித் தொழிலாளர்களுக்கும் தலித் குடும்பங்களுக்கும் நிவாரணம் பிந்தியது, விடுபட்டது என்ற முறைப்பாடுகள் அங்கே பலமாகவே இருந்தன, அவை பதிவாகியும் இருக்கின்றன.

இங்கே என் கந்தோரில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். ஜனவரி முதல் கிழமை. நாங்கள் உலருணவுப் பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தோம். ஜீ.எஸ். (கிராம சேவகர்) ஒரு பட்டியல், முகாம் பொறுப்பாளர் ஒரு பட்டியல், ஒரு நிறுவனம் தனியாக இன்னொரு பட்டியல். மத்தியானம் ஒரு குடும்பநல உத்தியோகத்தர் வந்தார். வீடு போய்விட்டது, அவர் வேலை செய்த நிலையமும் போய்விட்டது, உடுத்திருந்தது யாரோ கொடுத்த சட்டை. பதிவேடுகள் எல்லாம் கடலோடு. அவர் மேசையில் கிடந்த பழைய கலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். தன் பிரிவில் இருந்த கர்ப்பிணித் தாய்மார் ஒவ்வொருவராக, ஞாபகத்தில் இருந்தே. பெயர், எத்தனையாவது பிள்ளை, எப்போது நாள், யாருக்கு பிரஷர், யாருக்கு முதல் பிள்ளை சிசேரியன். எழுதி முடித்துவிட்டு, செத்துப்போனது என்று தெரிந்தவர்களின் பெயருக்கு மேல் ஒரு கோடு இழுத்தார். மிச்சம் இருந்தவர்கள் எந்த முகாமில் என்று எங்களிடம் கேட்டார்.

எங்கள் மூன்று பட்டியலிலும் அப்படி ஒரு நிரலே இல்லை மகள். குடும்பத் தலைவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், அங்கத்தவர் எண்ணிக்கை. அவ்வளவுதான். கர்ப்பிணி என்று ஒரு நிரல் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, ஏனென்றால் நான் படித்தது பொருளியல். அந்தக் கதிரையில் ஒரு டொக்டர் இருந்திருந்தால் முதல் நாளே அதைத்தான் கேட்டிருப்பார்.

அதே கிழமை, மற்றப் பக்கமும் நடந்தது. ஒரு எம்.ஓ.எச். (பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி) என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். முகாமில் வயிற்றோட்டம் தொடங்குகிறது, தண்ணீர் பவுசர் (தாங்கி லொறி) இன்னும் ஒன்று இன்றைக்கே வேண்டும். அவருக்கு எல்லாம் தெரியும், எந்த முகாம், எத்தனை பிள்ளைகள், எவ்வளவு லீற்றர். ஆனால் பவுசர் அவரிடம் இல்லை. என்னிடமும் இல்லை. நான் ஒரு கடிதம் எழுதி, அது இன்னொரு கந்தோருக்குப் போய், அங்கே கையெழுத்து வைக்க வேண்டியவர் கூட்டத்தில் இருந்து, பவுசர் போனது அடுத்த நாள் பின்னேரம். தெரிந்தவருக்கு அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவருக்குத் தெரியவில்லை. டொக்டர் ஏன் ஐ.ஏ.எஸ். போகிறார் என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் அந்த ஒன்றரை நாள்தான்.

இந்தியக் கலெக்டருக்கு இருக்கிற அதிகாரம் எங்கள் மாவட்டத் தலைமை அதிகாரியான அரசாங்க அதிபருக்கு இல்லை, இதையும் தெரிந்துகொண்டுதான் ஒப்பிட வேண்டும். தமிழ்நாட்டுக் கருவூல விதிகளில் 27ஆவது விதி என்று ஒன்று இருக்கிறது. அனர்த்த நேரத்தில் மேலிடத்து அனுமதி வரும்வரை காத்திராமல் கலெக்டர் கருவூலத்திலிருந்து காசு எடுத்துச் செலவு செய்யலாம். காணி, வருமானம், மாவட்ட நீதவான் அதிகாரம், எல்லாத் திணைக்களங்களையும் கூப்பிட்டு உட்கார வைக்கிற பலம், எல்லாம் ஒரு கதிரையில். எங்களிடம் மத்திய அரசுக்குக் கொஞ்சம், மாகாண சபைக்குக் கொஞ்சம் என்று பிரிந்து கிடக்கிறது, சுகாதாரம் ஒரு வரிசை, பிரதேச செயலகம் வேறு வரிசை. அதோடு அந்த நேரம் வாவிக்கு இந்தக் கரை அரசாங்கத்தின் கையில், மற்றக் கரையான படுவான்கரை புலிகளின் கையில். நிவாரணத்தைச் சேர்ந்து பங்கிடுவதற்கு என்று 2005 ஜூனில் இரண்டு தரப்பும் போட்ட பொதுக்கட்டமைப்பு ஒப்பந்தத்தின் முக்கியமான சில பிரிவுகளை அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. கடற்கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று வடக்கு கிழக்குக்குப் போட்ட எல்லையையும் பிறகு மாற்றினார்கள், அதற்குள் சனம் கொட்டிலில் இருந்து களைத்துவிட்டது. நாவலடிச் சனம் பலர் திராய்மடுவுக்குப் போனார்கள். கடலுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களை மழைக்குத் தண்ணீர் நிற்கிற நிலத்தில் குடியேற்றினோம். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதிக் காசில் கட்டிய 500 வீடு யாருக்கு என்ற சண்டையில் வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. இதெல்லாம் ஒரு தனி அதிகாரியின் திறமையால் தீருகிற பிரச்சினை இல்லை. ராதாகிருஷ்ணனே இங்கே இருந்திருந்தாலும் அரைவாசிதான் செய்திருப்பார் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் அவரிடம் எனக்குப் பிடித்த விஷயம் அதிகாரத்தோடு சம்பந்தப்பட்டது இல்லை. தாய் தகப்பனை இழந்த கிட்டத்தட்ட நூறு பிள்ளைகளுக்காக நாகப்பட்டினத்தில் ஒரு அரசுக் குழந்தைகள் இல்லம் திறந்தார்கள். அதில் இரண்டு பெண் குழந்தைகள் தங்கள் பெயர்கூடச் சொல்லத் தெரியாத வயது. கலெக்டரும் மனைவியும் அந்த இல்லத்துக்குத் தொடர்ந்து போய் வந்தார்கள், பிள்ளைகள் அப்பா அம்மா என்றே கூப்பிட்டார்கள். அவர் மாற்றலாகிப் போன பிறகும் தொடர்பு விடவில்லை. 2022இல் அந்த இரண்டு பேரில் ஒருவருக்கு நாகப்பட்டினத்தில் கலியாணம், அவர் போய் முன்னின்று நடத்தி வைத்தார். பதினேழு வருஷம். அரசாங்க உத்தியோகத்தில் ஒரு கோப்பு மூடிய பிறகு அதில் இருந்த ஆளைத் தேடிப் போவது எவ்வளவு அரிது என்று எனக்குத் தெரியும், நான் போகவில்லை.

நாகப்பட்டினத்துக்குப் பிறகு, 2009 முதல் 2012 வரை இந்தியாவில் ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின் அனர்த்த முகாமைத்துவப் பகுதியில் இருந்தார். 2012இல் திரும்பி வந்து தமிழ்நாட்டின் சுகாதாரச் செயலாளர், 2019 வரை. ஒரு செயலாளர் ஒரே துறையில் இவ்வளவு காலம் இருப்பது அங்கே அபூர்வம். கொவிட் வந்ததும் 2020 ஜூனில் அதே கதிரைக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். அந்த மாநிலத்தின் சுகாதாரத் துறை அவர் கட்டினது இல்லை, இதையும் சொல்ல வேண்டும். பொதுச் சுகாதாரத்துக்கென்று தனிப் பணிப்பாளரகமும் தனி உத்தியோகத்தர் வரிசையும், 1939லேயே ஒரு பொதுச் சுகாதாரச் சட்டமும், மருந்து வாங்குவதற்கென்று 1994இல் தொடங்கிய ஒரு கழகமும் அங்கே ஏற்கனவே இருந்தன. நல்ல வள்ளம் கிடைத்தது, ஓட்டத் தெரிந்தவர் ஏறினார். பிறகு சென்னை மாநகராட்சி ஆணையாளராகவும் இருந்தார்.

கதிரைக்கு விலையும் உண்டு. 2016இல் முதலமைச்சர் ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்து இறந்தபோது சுகாதாரச் செயலாளர் இவர்தான். அது பற்றி விசாரித்த ஆணையம் 2022இல் வெளிவந்த அறிக்கையில் இவரையும் விசாரிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஒரு டொக்டராக மட்டும் இருந்தால் உங்கள் நோயாளிக்கு நீங்கள் பொறுப்பு. செயலாளராக இருந்தால் நீங்கள் தொடாத நோயாளிக்கும் உங்களைக் கேட்பார்கள்.

எம்.பி.பி.எஸ். படித்துவிட்டுப் போனவர்களைப் பற்றிக் கேட்டால், மகாராஷ்டிராவின் ராஜேந்திர பாரூட்டைத்தான் நான் முதலில் சொல்வேன். துலே மாவட்டத்தில் சாமோடே என்ற ஊர், பில் பழங்குடிக் குடும்பம். பிறக்கும் முன்னமே தகப்பன் இறந்துவிட்டார், தாய் இலுப்பைப் பூவில் சாராயம் காய்ச்சி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார். நவோதயா பள்ளிக்கூடத்தில் படித்து, மும்பையில் சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரிக்குப் போய், 2013 தொகுதியில் ஐ.ஏ.எஸ். ஆனார். நந்தூர்பார் என்ற பழங்குடி மாவட்டத்தில் அவர் கலெக்டராக இருந்தபோது கொவிட். முதல் அலை குறைந்து எல்லாரும் மூச்சு விட்ட நேரத்தில், அமெரிக்காவிலும் பிரேசிலிலும் எண்ணிக்கை திரும்ப ஏறுவதைப் பார்த்து, இங்கேயும் வரும் என்று கணக்குப் போட்டார். காற்றிலிருந்து ஒட்சிசன் பிரிக்கிற இயந்திரம் ஒன்றை 2020 செப்டம்பரில் நிறுவினார், அடுத்த ஏப்ரலுக்குள் மேலும் இரண்டு. 2021 ஏப்ரலில் டெல்லியில் ஆஸ்பத்திரி வாசலில் சிலிண்டருக்காகச் சனம் அழுதுகொண்டு நின்றபோது, நந்தூர்பார் ஒட்சிசனை வெளியிலிருந்து எதிர்பார்க்க வேண்டி இருக்கவில்லை. இதில் மருத்துவ அறிவு இருக்கிறது, நோய் எப்படித் திரும்பி வரும் என்று தெரிந்தது. ஆனால் வார்டில் நிற்கிற டொக்டராக இருந்திருந்தால் அந்த அறிவை வைத்துக்கொண்டு கடிதம்தான் எழுதியிருப்பார்.

இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். தமிழ்நாட்டின் சுகாதாரச் செயலாளராக கொவிட்டின் முதல் மாதங்களில் ஒவ்வொரு நாளும் பின்னேரம் தொலைக்காட்சியில் கணக்குச் சொன்ன பீலா ராஜேஷ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர், 1997 தொகுதி, 2025 செப்டம்பரில் காலமானார். காஷ்மீரின் ஷா பைசல் எம்.பி.பி.எஸ். முடித்து 2009ஆம் ஆண்டுத் தேர்வில் முதலிடம், 2019இல் அரசியலுக்காக விலகினார், பிறகு திரும்பவும் சேவைக்குள் வந்தார். ரோமன் சைனி எய்ம்ஸில் படித்து ஐ.ஏ.எஸ். ஆகி, கொஞ்ச காலத்தில் அதையும் விட்டு இணையவழிக் கல்வி நிறுவனம் தொடங்கப் போனார். எல்லாரும் ஒரே காரணத்துக்காகப் போகவில்லை, எல்லாரும் நிலைக்கவும் இல்லை.

அந்தத் தேர்வை நீங்கள் எழுத முடியாது, ஐ.ஏ.எஸ்.ஸுக்கு இந்தியப் பிரஜையாக இருக்க வேண்டும். ஆனாலும் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். முதனிலை, முதன்மை, நேர்முகம் என்று மூன்று கட்டம். முதன்மைத் தேர்வில் ஒரு விருப்பப் பாடம் எடுக்க வேண்டும், அந்த வரிசையில் மருத்துவ அறிவியலும் இருக்கிறது, கால்நடை மருத்துவமும் இருக்கிறது. இலட்சக்கணக்கானவர்கள் விண்ணப்பித்து ஆயிரம் பேர் அளவில் தேறுவார்கள், அதில் ஐ.ஏ.எஸ். கிடைப்பது 180 பேருக்கு அளவில். தேறினால் முப்பது வயதைத் தாண்டிக் கொஞ்சத்தில் ஒரு மாவட்டமே கையில் வந்துவிடும். பாரூட் அந்த வயதில்தான் கலெக்டர்.

இங்கே கதை வேறு. 1963இல் பழைய சிவில் சேவைக்குப் பதிலாக வந்த இலங்கை நிர்வாக சேவைக்கு எந்தப் பட்டதாரியும் திறந்த போட்டிப் பரீட்சை எழுதலாம், தமிழிலேயே எழுதலாம், எம்.பி.பி.எஸ். ஒரு தடை இல்லை. ஆனால் பரீட்சை ஒவ்வொரு வருஷமும் ஒழுங்காக நடப்பதில்லை, வயதெல்லை இருக்கிறது, உங்கள் படிப்பும் இன்டர்ன்ஷிப்பும் முடியும்போது எத்தனை வயது என்று இப்போதே கணக்குப் பாருங்கள். தேறினாலும் உதவிப் பிரதேச செயலாளர் என்று தொடங்கி அரசாங்க அதிபராக வருவதற்கு பொதுவாக இருபது வருஷத்துக்கு மேல் போகும். தனிப்பட்ட முறையில், ஒரு டொக்டர் அந்த இருபது வருஷத்தை இப்படிச் செலவழிப்பதை நான் விரும்பமாட்டேன்.

ஏனென்றால் உங்களுக்கு இன்னொரு கதவு இருக்கிறது, இந்தியாவை விட எங்களிடம் அது அகலமாகத் திறந்திருக்கிறது. எம்.ஓ.எச். ஆகப் போகலாம். ஒரு பிரிவின் முழுச் சனமும் உங்கள் பொறுப்பு, பீ.எச்.ஐ.யும் குடும்பநல உத்தியோகத்தரும் உங்களோடு. பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் சமுதாய மருத்துவமோ மருத்துவ நிர்வாகமோ செய்து, பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் வரை போகலாம். அம்பாறை மாவட்டத்தில் அப்படி இரண்டு பணிமனை, அம்பாறைக்கு ஒன்று, கல்முனைக்கு ஒன்று. வைத்தியர் அனில் ஜாசிங்க சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகமாக இருந்து, சுற்றாடல் அமைச்சின் செயலாளராகி, பிறகு சுகாதார அமைச்சின் செயலாளராகவும் வந்தார். நிர்வாக சேவைப் பரீட்சை எழுதித்தான் அந்தக் கதிரைக்கு வர வேண்டும் என்று இல்லை.

படிப்பு வீணாகும் என்று வீட்டில் சொன்னால், கோபப்படாதீர்கள். இலவசக் கல்வியில் ஊர்க் காசில் படித்த ஒரு டொக்டர் வார்டை விட்டுப் போகிறார் என்றால் அந்தக் கேள்வி நியாயம்தான். எங்கள் ஆஸ்பத்திரிகளில் ஆள் குறைவு, வெளிநாடு போனவர்கள் எவ்வளவு பேர் என்று நீங்களே பார்க்கிறீர்கள். ஆனால் வார்டை விட்டுப் பவுசர் இருக்கிற பக்கத்துக்குப் போவதும் இந்தச் சனத்துக்குச் செய்கிற வைத்தியம்தான் என்று நான் நம்புகிறேன், அதை அவர்களுக்கு அந்தக் குடும்பநல உத்தியோகத்தரின் கலண்டர் தாளை வைத்துச் சொல்லுங்கள்.

இப்போதைக்கு எதையும் முடிவு எடுக்க வேண்டாம். படிப்பை முடியுங்கள், இன்டர்ன்ஷிப்பை முழுதாகச் செய்யுங்கள், நோயாளியைத் தொட்டுப் பழகாமல் நேரே கதிரைக்கு வந்தால் நீங்களும் என்னைப் போலத்தான் பட்டியல் போடுவீர்கள். அதற்குப் பிறகு வெளிமாவட்டமோ எங்கள் பக்கமோ, எம்.ஓ.எச். கந்தோர் ஒன்றில் ஒரு இடம் கிடைத்தால் எடுங்கள். போன முதல் கிழமையே அந்தப் பிரிவின் பிரதேச செயலாளரைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், உங்களுக்கு அவரிடம் ஒரு தேவையும் இல்லாத நேரத்தில். பவுசர் யாரிடம் இருக்கிறது, சாவி யார் கையில், சனி ஞாயிறில் யாருக்கு போன் எடுக்க வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.